சென்னையில் சிலையும் சுவரோவியமும் பார்க்கப் பழகுவது எப்படி?

கலை என்றாலே கண்காட்சிக்குப் போய், ஒன்றும் புரியாமல் தலையாட்டிவிட்டு வருவதுதான் என்று ஒதுங்கி இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முன்னறிவு எதுவும் வேண்டாம். பெரிய செலவும் இல்லை. இடங்களின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அலையாதீர்கள், அவ்வளவுதான். ஒரு ஆளைப் பிடியுங்கள். அவர் எங்கே கூட்டிப்போகிறாரோ அங்கே போங்கள். நான் பிடிக்கச் சொல்லும் ஆள் சிற்பி தேவி பிரசாத் ராய் சௌத்ரி.

படி 1: மாலையில் மெரினா

உழைப்பாளர் சிலையைச் செய்தவர் இவர்தான். 1959-இல் திறந்தார்கள். நம்மில் பலருக்கு அது 'அங்கே வந்து நில்லு' என்று அடையாளம் சொல்வதற்கான இடம் மட்டுமே. காலையில் போகாதீர்கள். வெயில் கடல் பக்கமிருந்து வருவதால் சாலையிலிருந்து பார்த்தால் சிலை வெறும் கறுப்பாகத் தெரியும். நாலரை மணிக்கு மேல் போனால் மேற்கு வெயிலில் தசையெல்லாம் தெரியும்.

நாலு பேர் ஒரு பாறையை நகர்த்துகிறார்கள். முகங்களை விட்டுவிடுங்கள், முதுகையும் காலையும் பாருங்கள். பாரம் ஒவ்வொருவர் உடம்பிலும் எங்கே இறங்குகிறது என்று தேடுங்கள். முடிந்த அளவு சுற்றி வந்து பாருங்கள். நாலடி நகர்ந்தாலே வேறு ஒருவர் முன்னால் வந்துவிடுவார். அதே கடற்கரையில் நடந்துவரும் காந்தியும் ராய் சௌத்ரி செய்ததே. இரண்டையும் ஒரே மாலையில் பார்த்துவிடலாம்.

படி 2: பக்கத்தில் ஒரு குதிரை

ஒப்பிட ஒன்று வேண்டுமே. தீவுத்திடல் பக்கம் அண்ணா சாலையில் தாமஸ் மன்றோ குதிரைமேல் உட்கார்ந்திருக்கிறார். லண்டனில் பிரான்சிஸ் சான்ட்ரி செய்து, 1839-இல் இங்கே நிறுவிய சிலை. சேணம் இல்லை, கால் வைக்க அங்கவடியும் இல்லை. இதைச் சுற்றிக் கதைகள் நிறைய உண்டு. அவற்றை நம்ப வேண்டியதில்லை. இங்கே உட்கார்ந்திருப்பவர் ஆளுநர், அங்கே பாறை தள்ளுபவர்களுக்குப் பெயரே இல்லை. நூற்றிருபது வருஷத்தில் பீடத்தில் ஏறும் ஆள் எப்படி மாறிவிட்டார் பாருங்கள்.

படி 3: எழும்பூர், ஆனால் எல்லாவற்றையும் அல்ல

ராய் சௌத்ரி முதல்வராக இருந்த கலைக்கல்லூரி 1850-இல் தொடங்கியது. இன்றும் பெரியார் சாலையில் இயங்குகிறது. அங்கிருந்து எழும்பூர் அருங்காட்சியகம் பக்கம்தான். வெள்ளிக்கிழமை விடுமுறை, மறந்துவிடாதீர்கள். உள்ளே எல்லாக் கூடங்களையும் பார்க்க நினைத்தால் கால் வலிதான் மிஞ்சும். நேராக வெண்கலக் கூடத்துக்குப் போய், திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் முன்னால் நின்றுவிடுங்கள். சோழர் காலத்துச் சிலை. கைகளை எண்ணுங்கள்: மூன்று. சிவன் பாதிக்கு இரண்டு, அம்மன் பாதிக்கு ஒன்று. அப்புறம் கண்ணைத் தோளிலிருந்து இடுப்புக்கு இறக்குங்கள். இரண்டு பாதிக்கும் வளைவு வேறு, ஆனால் நடுவில் ஒட்டுப்போட்ட மாதிரி எங்கேயும் தெரியாது. இந்த ஒரு சிலைக்கே கால்மணி நேரம் கொடுக்கலாம்.

படி 4: சோழமண்டல்

ராய் சௌத்ரியின் மாணவர் கே.சி.எஸ். பணிக்கர், பின்னாளில் அதே கல்லூரிக்கு முதல்வரானவர். 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டல் ஓவியர் கிராமத்தைத் தொடங்கினார். மெழுகு வைத்துச் சாயமேற்றும் பாத்திக் துணி மாதிரியான கைவினைப் பொருட்களை விற்றுக் கிடைத்த காசில் ஓவியர்களே நிலம் வாங்கிக் குடியேறிய இடம் இது. என்னைக் கேட்டால், சென்னையில் ஒரே ஒரு கலை இடம்தான் பார்க்க நேரமிருக்கிறது என்பவர்களை இங்கேதான் அனுப்புவேன்.

பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை ஓவியம் கண்ணில் பட்டால் ஜாதகக் கட்டம் மாதிரி இருக்கும், பொடி எழுத்தாக என்னமோ எழுதியிருக்கும். படிக்க முயலாதீர்கள், அது படிப்பதற்காக எழுதியதல்ல. எழுத்து எங்கே நெருங்குகிறது, எங்கே வெற்றிடம் விடுகிறது என்று பார்த்தால் போதும்.

மெரினாவில் சுற்றி வரச் சொன்னேன் அல்லவா? இங்கே உலோகச் சிற்பங்களுக்கு அந்த விதி செல்லாது. பி.வி. ஜானகிராமின் சிற்பங்கள் தகட்டை அடித்துச் செய்தவை. முன்னால் நின்று பார்ப்பதற்கானவை. கோயிலில் மூலவருக்குச் சாத்தும் கவசத்தை நினைத்துக்கொள்ளுங்கள், சட்டென்று பிடிபடும். பணிக்கரின் மகன் நந்தகோபாலின் சிற்பங்களையும் அப்படியே அணுகலாம்.

படி 5: கண்ணகி நகர்

இது ராய் சௌத்ரி வழியில் வருவதல்ல, தனிக் கதை. நகரின் பல இடங்களிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்களைக் குடியமர்த்திய பகுதி. 2020-இல் தெருக்கலைக்கான ஸ்டார்ட் (St+art) இந்தியா அமைப்பு, மாநகராட்சியோடு சேர்ந்து குடியிருப்புச் சுவர்களில் மாடி உயரத்துக்கு ஓவியங்கள் வரையவைத்தது. அருகில் போனால் வெறும் வண்ணப் பட்டைதான் தெரியும்; எதிர்ச் சாரிக்குப் போய்த் திரும்பிப் பாருங்கள்.

ஓவியத்துக்குள் இருக்கும் ஜன்னல் ஒருவருடைய வீட்டு ஜன்னல். கேட்காமல் ஆட்களைப் படம் எடுக்காதீர்கள், துணி காயும் பால்கனியை ஜூம் பண்ணாதீர்கள். சுவருக்கு வண்ணம் அடித்ததால் குடியிருப்பின் மற்ற குறைகள் தீர்ந்துவிடுமா என்ற கேள்வி எனக்கு உண்டு; போய்ப் பார்த்தால் உங்களுக்கும் வரலாம். டீக்கடையில் ஒரு டீ சொல்லிவிட்டு, அங்கே நிற்பவரிடம் எந்தப் படம் பிடிக்கும் என்று கேளுங்கள். வெயிலிலும் மழையிலும் வண்ணம் மங்கிக்கொண்டே இருக்கும், அதனால் இந்தப் படியை மட்டும் ரொம்ப நாள் தள்ளிப்போடாதீர்கள்.