ரைன் கோட்டைகளைப் பார்க்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோடை விடுமுறை தொடங்கினால் பாரிஸ், லண்டன், ஆம்ஸ்டர்டாம் பக்கமிருந்து நம்மவர்கள் குடும்பத்தோடு ஜெர்மனிக்கு வருவார்கள். ரைன் ஆற்றங்கரையில் கோட்டைகள் வரிசையாக நிற்கின்றன என்று எங்காவது படித்திருப்பார்கள். பிங்கன் நகருக்கும் கோப்லென்ஸ் நகருக்கும் இடைப்பட்ட 65 கிலோமீட்டர் பள்ளத்தாக்கு அது. யுனெஸ்கோ 2002ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த பகுதி. இருபுறமும் திராட்சைச் சரிவுகள், சின்னச் சின்ன ஊர்கள், ஏறக்குறைய நாற்பது கோட்டைகள். இந்தப் பகுதிக்குப் பலரை அழைத்துச் சென்றிருக்கிறேன், பலருக்குத் தொலைபேசியிலேயே வழி சொல்லியிருக்கிறேன். புதிதாக வருகிறவர்கள் ஒவ்வொரு ஆண்டும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

நல்ல செருப்பு, குடை, தண்ணீர்ப் புட்டி பற்றி யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

பாலம் இருக்கும் என்று நம்புவது

இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். இத்தனை ஆண்டுகள் கழித்தும் எனக்கு எரிச்சல் தருவது இந்த ஒன்றுதான்.

கோப்லென்ஸில் பாலம் இருக்கிறது. அதற்கு மேலே மைன்ஸ், வீஸ்பாடன் நகரங்களின் அருகே பாலம் இருக்கிறது. நடுவில் 80 கிலோமீட்டருக்கும் அதிகமான தூரத்தில் ஒரு பாலம்கூடக் கிடையாது. பிங்கன் அருகே ஒரு ரயில் பாலம் இருந்தது. 1945இல், போரின் கடைசி மாதங்களில், பின்வாங்கிய ஜெர்மன் படையே அதைத் தகர்த்துவிட்டது. தூண்களின் மிச்சம் இன்றும் தெரியும். புதிய பாலம் கட்டுவது பற்றிப் பல ஆண்டுகளாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அதுவரை கரை மாற வேண்டுமானால் வாகனப் படகுதான்: பிங்கன்–ரூடெஸ்ஹைம், நீடர்ஹைம்பாக்–லோர்க், கௌப், சங்க்ட் கோவார்–சங்க்ட் கோவார்ஸ்ஹவுசன், பொப்பார்ட்–ஃபில்சன்.

வரைபடத்தில் ஆறு மெல்லிய நீலக் கோடாகத் தெரியும். எதிர்க்கரைக் கோட்டை கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோலவே தோன்றும். பயணத் தளங்கள் வேறு ‘கட்டாயம் பார்க்க வேண்டிய பத்துக் கோட்டைகள்’ என்று இரண்டு கரைகளையும் கலந்து பட்டியல் போடுகின்றன. எந்தக் கோட்டை எந்தக் கரையில் இருக்கிறது என்று ஒரு சொல் எழுத மாட்டார்கள். அந்தப் பட்டியலை நம்பி வந்து ஒரு நாளையே தொலைக்கிறவர்களைப் பார்க்கும்போது, எழுதியவர்கள் இங்கே ஒருமுறையாவது படகுக்காகக் காத்து நின்றிருப்பார்களா என்று கேட்கத் தோன்றுகிறது.

பாரிஸிலிருந்து வந்த ஒரு குடும்பத்தின் திட்டம் இது. காலையில் சங்க்ட் கோவாரில் ரைன்ஃபெல்ஸ் கோட்டை, மதியம் பிராவ்பாக்கில் மார்க்ஸ்பர்க், மாலையில் கௌபில் நடு ஆற்றுக் கோட்டை, இரவுக்கு பாகாராக்கில் அறை. தாளில் பார்த்தால் அழகான திட்டம். ரைன்ஃபெல்ஸ் மேற்குக்கரை, மார்க்ஸ்பர்க்கும் கௌபும் கிழக்குக்கரை, பாகாராக் மறுபடியும் மேற்குக்கரை. அன்று ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில். சங்க்ட் கோவார் படகுத்துறையில் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் வரிசைகட்டி நின்றன. மார்க்ஸ்பர்க் வாசலை அடைந்தபோது ஆங்கில வழிகாட்டியோடு உள்ளே செல்லும் குழு போய்விட்டது. அடுத்த குழுவுக்காகக் காத்திருந்து பார்த்துவிட்டுக் கிளம்பியபோது கௌப் கோட்டைக்குப் போகும் சிறு படகு அன்றைய ஓட்டத்தை முடித்துவிட்டது. பிள்ளைகளைச் சமாதானப்படுத்த அங்கேயே சாப்பிட உட்கார்ந்தார்கள். எழுந்து வந்தபோது வாகனப் படகும் நின்றுவிட்டது.

எனக்கு அழைப்பு வந்தது. “அண்ணா, ஹோட்டல் இருக்கிற ஊர் விளக்கு இங்கிருந்தே தெரிகிறது. கூகுள் நூறு கிலோமீட்டர் காட்டுகிறது. ஏதோ கோளாறு போலிருக்கிறது.” கோளாறு எதுவும் இல்லை. கௌபிலிருந்து வீஸ்பாடன் வரை போய்ப் பாலத்தைக் கடந்து, அதே தூரம் மேற்குக்கரையில் திரும்பி வர வேண்டும். சங்க்ட் கோவார்ஸ்ஹவுசனில் படகு இரவில் இன்னும் சற்று நேரம் ஓடும், பத்துக் கிலோமீட்டர்தான், உடனே கிளம்புங்கள் என்றேன். பிடித்துவிட்டார்கள். வாடகைக் கார், எரிபொருள், இரண்டு முறை படகுக் கட்டணம், முன்பதிவு செய்த அறை எல்லாம் சேர்த்துச் செலவு செய்த அந்த நாளில், முழுமையாகப் பார்த்த கோட்டை மார்க்ஸ்பர்க் மட்டுமே. ரைன்ஃபெல்ஸில்கூட நேரமாகிறது என்று பாதியில் இறங்கியிருக்கிறார்கள்.

ஒரு நாளுக்கு ஒரு கரை. இதைத் தவிர வேறு வழி கிடையாது. மேற்குக்கரை நாளில் ரைன்ஸ்டைன், பாகாராக் ஊர், ஓபர்வேசல், ரைன்ஃபெல்ஸ். கிழக்குக்கரை நாளில் கௌப், அதன் நடு ஆற்றுக் கோட்டை, மார்க்ஸ்பர்க். அதற்கு மேல் எதையும் திணிக்காதீர்கள். கரை மாறுவதைக் காலையில் முதல் வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். கடைசிப் படகின் நேரம் துறைக்குத் துறை வேறு, கோடைக்கும் குளிர்காலத்துக்கும் வேறு. முதல் நாள் இரவே பார்த்துத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மலை மடிப்புகளுக்கு இடையில் கைப்பேசிச் சமிக்ஞையை நம்ப முடியாது.

திட்டம் போட ஒரு எளிய வழி இருக்கிறது. ஆற்றின் இரு கரைகளிலும் பெரிய வெள்ளைப் பலகைகளில் கறுப்பு எண்கள் நிற்பதைப் பார்ப்பீர்கள். போடன் ஏரிக்கரையில் உள்ள கொன்ஸ்டன்ஸ் பாலத்திலிருந்து எண்ணப்படும் ஆற்றுக் கிலோமீட்டர் அது. பாகாராக் சுமார் 543, கௌப் 546, லோரலை பாறை 554, பிராவ்பாக் 580. நீங்கள் பார்க்க விரும்பும் கோட்டைகளை இந்த எண் வரிசையில் எழுதி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் கரையைக் குறியுங்கள். திட்டத்தில் உள்ள ஓட்டை உடனே தெரிந்துவிடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். படகுக்காகக் காத்திருப்பதை வீண் நேரமாக நினைப்பவர்கள் இந்தக் கோட்டைகள் ஏன் இங்கே இருக்கின்றன என்பதையே தவறவிடுகிறார்கள். இவை பெரும்பாலும் சுங்கத்துக்காக எழுந்தவை. ரைன்ஃபெல்ஸைக் காட்சனெல்ன்போகன் பிரபு ஐந்தாம் டீட்டர் 1245இல் கட்டத் தொடங்கினார். அவர் சுங்கத்தை உயர்த்தியதால் கொதித்த ரைன் நகரங்கள் கூட்டுச் சேர்ந்து 1255இல் முற்றுகையிட்டன, கோட்டை விழவில்லை. நூறாண்டுக்குப் பின், ட்ரியர் பேராயர் எதிர்க்கரையில் ஒரு கோட்டையைத் தொடங்கினார். அதற்கு மறுமொழியாகக் காட்சனெல்ன்போகன் குடும்பம் அதே கரையில், ரைன்ஃபெல்ஸுக்கு நேர் எதிரே, இன்னொன்றை எழுப்பியது. அப்போது ஆற்றின் இரு பக்கமும் அவர்கள் பிடியில் வந்தது. பேராயருடையதை மக்கள் ‘எலி’ என்கிறார்கள், பிரபுவுடையதைப் ‘பூனை’ என்கிறார்கள்.

சங்க்ட் கோவார் படகில் ஏறினால் காரைவிட்டு இறங்கி ஓரத்துக்கு வாருங்கள். பயணம் சில நிமிடங்கள்தான். படகு நேராகப் போகாது. மூக்கை நீரோட்டத்துக்கு எதிராகச் சாய்த்து வைத்துக்கொண்டு பக்கவாட்டில் நகரும். சரக்குக் கப்பல் வந்தால் நடுவில் நின்று வழிவிடும். கட்டணம் வாங்குபவர் தோளில் தொங்கும் தோல் பையோடு காருக்குக் கார் வருவார். அந்த இடத்தில் நின்று ஒரு பக்கம் ரைன்ஃபெல்ஸையும் மறுபக்கம் பூனைக் கோட்டையையும் மாறிமாறிப் பார்த்தால், நடுவில் சிக்கிய வணிகப் படகுக்காரனின் நிலை புரியும். எந்தக் கோபுரத்தின் உச்சியிலிருந்தும் இது கிடைக்காது.

பூனைக் கோட்டைக்குள் போகலாம் என்று ஏறுவது

தனியார் சொத்து. உள்ளே விட மாட்டார்கள்.

திங்கட்கிழமையைத் தேர்ந்தெடுப்பது

மாநில அரசின் கோட்டைகள் பலவும் திங்களன்று மூடியிருக்கும். குளிர்காலத்தில் இன்னும் மோசம்.

எல்லாவற்றையும் இடைக்காலம் என்று நம்புவது

பிரெஞ்சுப் படைகள் 1689இல் இந்தப் பள்ளத்தாக்கில் செய்த அழிவு பெரிது. எஞ்சியிருந்த ரைன்ஃபெல்ஸையும் 1790களில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். இன்று கூரையும் கொடியுமாகப் பளிச்சென்று நிற்கும் ரைன்ஸ்டைன், ஸ்டோல்சன்ஃபெல்ஸ் போன்றவை 19ஆம் நூற்றாண்டில் பிரஷ்ய அரச குடும்பத்தினர் தங்கள் கனவுக்கு ஏற்ப இடிபாடுகளின்மேல் எழுப்பியவை. அழகானவைதாம், பாருங்கள். ஆனால் அங்கேயுள்ள வண்ணக் கண்ணாடியையும் மரவேலையையும் காட்டிப் பிள்ளைகளிடம் ‘ராஜாக்கள் இப்படித்தான் வாழ்ந்தார்கள்’ என்று சொல்லாதீர்கள்.

அப்படிச் சொல்ல ஓரிடம் உண்டென்றால் அது மார்க்ஸ்பர்க். இந்தப் பகுதியின் மலைக்கோட்டைகளில் அழிக்கப்படாமல் தப்பியது அது ஒன்றுதான். 1900இலிருந்து ஜெர்மன் கோட்டைகள் சங்கத்தின் கையில் இருக்கிறது. நுழைவாயிலைத் தாண்டியதும் பாறையையே வெட்டிய படிகள். குதிரையில் வருகிறவர்களுக்காக அமைத்தவை என்பதால் அகலமாக, ஒழுங்கில்லாமல், மழை நாளில் வழுக்கும்படி இருக்கும். மேலே விறகடுப்போடு பெரிய சமையலறை. கூடத்தின் சுவரிலிருந்து வெளியே துருத்திக்கொண்டு ஒரு சிறு கழிப்பறை. கீழே நேராகச் சரிவு. அறைகள் தாழ்ந்து, இருண்டு, கோடையிலும் குளிர்ந்திருக்கும். இடைக்கால வாழ்க்கை எவ்வளவு கடினமானது என்று அங்கே உடம்புக்கே தெரியும். வழிகாட்டியோடு மட்டுமே போக முடியும். ஆங்கிலக் குழுக்கள் நாளுக்குச் சில முறைதான். அன்றைய திட்டத்தை அந்த நேரத்தைச் சுற்றியே அமையுங்கள்.

படகில் எதிர்த்திசையில் போவது

பயணக் கப்பலில் போவதானால் பிங்கனிலிருந்து சங்க்ட் கோவாருக்கு, நீரோட்டத்தோடு போங்கள். ரயிலில் திரும்புங்கள். எதிர்நீரில் வந்தால் நேரம் வெகுவாகக் கூடும்.

ஆறு தெரியும் அறையை விரும்பிக் கேட்பது

ஆற்றுக்கும் ஹோட்டலுக்கும் நடுவே நெடுஞ்சாலையும் ரயில் பாதையும் போகின்றன. இரு கரைகளிலும் ரயில் உண்டு. சரக்கு ரயில்கள் இரவு முழுவதும் ஓடும். பள்ளத்தாக்கு குறுகியது என்பதால் எதிர்க்கரை ரயிலும் உங்கள் அறைக்குள் கேட்கும். மலைப்பக்கம் பார்த்த அறையைக் கேளுங்கள். அதைவிட நல்ல யோசனை, பாகாராக்கின் மேலுள்ள ஸ்டாலெக் கோட்டை. அது இப்போது இளைஞர் விடுதி. குடும்பங்களும் தங்கலாம், ஹோட்டலைவிட மலிவு. ஊரிலிருந்து ஏறுவது செங்குத்தான படிக்கட்டு வழி, ஆகவே பெரிய பெட்டிகளோடு வராதீர்கள். கோடைக்கு மாதக்கணக்கில் முன்பே அறைகள் நிரம்பிவிடும்.

நீர்மட்டத்தைப் பார்க்காமல் கிளம்புவது

கௌபின் நடு ஆற்றுக் கோட்டையான ஃபால்ஸ்கிராஃபென்ஸ்டைனுக்காகவே வருகிறவர்களுக்கு இது. ஜெர்மன் அரசர் லூட்விக் 1320களில் சுங்கத்துக்காகக் கட்டியது. ஆற்றின் நடுவில், கப்பலின் முனைபோல நீரைப் பிளந்துகொண்டு நிற்கிறது. பிரஷ்யத் தளபதி புளூக்கரின் படை நெப்போலியனைத் துரத்தி, 1813–14 புத்தாண்டு இரவில் இந்த இடத்தில்தான் ரைனைக் கடக்கத் தொடங்கியது. கௌப் கரையிலிருந்து சிறு படகில்தான் போக முடியும், வெள்ளம் வந்தால் அந்தப் படகு நின்றுவிடும். கௌப் அளவுகோலின் நீர்மட்டம் இணையத்தில் நாள்தோறும் வருகிறது. அது 6.40 மீட்டரை எட்டினால் இந்தப் பகுதியில் கப்பல் போக்குவரத்தே நிறுத்தப்படும். கோட்டைப் படகு அதற்கு முன்பே நின்றுவிடும். மழைக்காலத்திலும், மேலே ஆல்ப்ஸ் பனி உருகும் நாட்களிலும், கிளம்புவதற்கு முதல் நாள் அந்த எண்ணைப் பாருங்கள். படகு ஓடவில்லை என்றால் கௌபுக்குப் போகவே வேண்டாம். மேற்குக்கரைச் சாலையிலிருந்து கோட்டையின் முழு வடிவமும் நன்றாகத் தெரியும். அன்றைய நாளை ரைன்ஃபெல்ஸுக்குக் கொடுங்கள். அங்கே நிலத்தடிச் சுரங்க வழிகள் திறந்திருந்தால் நுழைய ஒரு டார்ச் விளக்கு வேண்டும்; கைப்பேசி வெளிச்சம் போதாது.