திருகோணமலையில் ஒரு வீட்டில் தங்கிப் படிக்க வரும் பிள்ளைகளுக்கு

கோணேசபுரியில் இருக்கும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் படிக்கவோ, ஆய்வு வேலைக்காகச் சில மாதம் தங்கவோ தமிழ்நாட்டிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் கனடாவிலிருந்தும் வர நினைக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். அதிலும் விடுதிக்குப் போகாமல் ஒரு குடும்பத்தோடு தங்கப்போகிறவர்களுக்கு.

நம்ம மொழி பேசும் ஊர்தானே, எல்லாம் சுலபம் என்று நினைத்து வருவீர்கள். பேச்சு கெதியாகப் பழகிவிடும். வீடு பழகத்தான் கவனம் வேண்டும். காசு வாங்கிக்கொண்டு தங்கவைக்கும் குடும்பமும் இங்கே உங்களைத் தங்கள் பிள்ளையாகத்தான் நடத்தும். பிள்ளை என்று ஆன பிறகு காசுக் கதையை அவர்கள் வாயால் எடுக்கமாட்டார்கள். மனதுக்குள் வைத்துக்கொண்டு குமைவார்கள். ஆகவே நீங்கள்தான் எடுக்க வேண்டும், அதுவும் வந்த முதல் வாரத்திலேயே.

என்னென்ன கேட்க வேண்டும்? மாதக் காசில் சாப்பாடு சேருமா, மத்தியானச் சாப்பாட்டைக் கட்டித் தருவார்களா, விடுமுறைக்கு ஊருக்குப் போகும் மாதம் எவ்வளவு கொடுப்பது, கரண்ட் பில் தனியா சேர்த்தா. இந்தக் கரண்ட் பில்லை லேசாக எடுக்காதீர்கள். இலங்கையில் வீட்டு மின்சாரத்துக்குப் பாவிக்கும் யூனிட் கூடக்கூட ஒரு யூனிட்டின் விலையும் ஏறும். உங்கள் அறையில் இரவு முழுக்க ஏசி ஓடினால் வீட்டின் மொத்தப் பில்லும் மேல் படிக்குப் போய்விடும். மின்விசிறியோடு சமாளிக்க முடியாவிட்டால், கூடும் காசை நான் தருகிறேன் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். 2022இல் எரிவாயு சிலிண்டருக்கும் பெற்றோலுக்கும் நாள்கணக்கில் வரிசையில் நின்ற குடும்பங்கள் இவை. வெறும் அறையில் விளக்கு எரிந்தால் எழுந்து வந்து அணைப்பது அந்தக் காலத்தின் பழக்கம். உங்களைக் குறை சொல்வதாக எண்ண வேண்டாம். காசை மாதத் தொடக்கத்தில், கேட்கும் முன்னமே, வீட்டு அம்மாவின் கையில் கொடுங்கள்.

அப்புறம் சாப்பாடு. காலையிலும் இரவிலும் இடியப்பம், புட்டு, ரொட்டி, அவசரம் என்றால் பாண், அதாவது கடை பிரெட். கூடவே சொதி என்னும் தேங்காய்ப்பால் குழம்பும் சம்பலும். மத்தியானம் சோறும் மீனும். தேங்காய்ப்பாலும் வறுத்து அரைத்த மிளகாய்த்தூளும் இங்கே தாராளம். தினமும் சாம்பார் எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு முதலில் வயிறு கொஞ்சம் முரண்டு பிடிக்கலாம். உறைப்பைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள், யாரும் தப்பாக எடுக்கமாட்டார்கள். சைவச் சாப்பாட்டுக்காரர் என்றால் வருவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள், மாசியும் வேண்டாம் என்று சேர்த்துச் சொல்லுங்கள். சம்பலிலும் சில மரக்கறிகளிலும் மாசிக் கருவாட்டுத் தூள் கலந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமைகளில் பல சைவ வீடுகளில் மீன் சட்டியே அடுப்பில் ஏறாது. அன்று நீங்கள் வெளியில் வாங்கிய கோழிக்கறியை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

ஒரு வேளை சாப்பிட வரமாட்டீர்கள் என்றால் காலையிலேயே சொல்லுங்கள். மீன்காரர் சைக்கிளிலோ மோட்டார்சைக்கிளிலோ படலையடிக்கு, அதாவது வாசல் கதவடிக்கு, வருவதே காலையில்தான். உங்களையும் கணக்கில் வைத்துத்தான் வாங்குவார்கள். மூடிவைத்த சாப்பாட்டை இரவு பத்து மணிக்குப் பார்த்துவிட்டு “நான் வெளியில சாப்பிட்டிட்டன் அன்ரி” என்று சொல்வது அந்த மனுசியை எவ்வளவு நோகடிக்கும் தெரியுமா? மற்றப்படி கிண்ணியாப் பக்கத்துச் சட்டித் தயிர் வீட்டுக்கு வந்தால் வெட்கப்படாமல் இரண்டாம் தரமும் கேட்டுச் சாப்பிடுங்கள்.

வீட்டுக்காரரை எப்படிக் கூப்பிடுவது என்று முதல் நாளே கேட்டுவிடலாம். பெரும்பாலும் அன்ரி, அங்கிள். வயதானவர் இருந்தால் அம்மம்மா. பெயர் சொல்லி அழைப்பது கனடாவில் சரி, இங்கே சரிவராது. உங்களைத் தம்பி, பிள்ளை என்பார்கள்.

குளியல் பல வீடுகளில் இன்னும் கிணற்றடியில்தான். கடலோரக் கிணறுகளில் உப்புச்சுவை இருக்கும், ஆகவே குடிக்க வைத்திருக்கும் கொதித்தாறிய தண்ணீரை மட்டும் குடியுங்கள். வாளியில் தண்ணீரைத் தேக்கிவைத்துவிட்டு வார இறுதிக்கு எங்கேயும் போகாதீர்கள். 2017இல் இந்த மாவட்டத்தில், முக்கியமாகக் கிண்ணியாவில், டெங்கு உயிர்களைப் பறித்தது. மழைக்காலம் வந்தால் சிரட்டை முதல் பூச்சாடித் தட்டு வரை கவிழ்த்துவைப்பது வீட்டில் எல்லாருடைய வேலையும்தான், உங்களுடையதும்.

வெளியே போனால் எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள். வளாகத்துக்குப் போய்வர நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டை பஸ்கள் இருக்கின்றன, இருட்டிய பிறகு அவை குறைந்துவிடும். பிந்தினால் ஒரு போன் போதும். கடலைப் பற்றி வீட்டில் கடுமையாகவே சொல்வார்கள், அதைக் கேளுங்கள். உப்புவெளியும் நிலாவெளியும் சித்திரை முதல் ஆவணி வரை குளம் போல அமைதியாக இருக்கும். ஐப்பசியில் வடகீழ்ப் பருவமழை தொடங்கியதும் அதே கடல் ஆளை இழுக்கும். அந்த மாதங்களில் குளிக்க இறங்கவே வேண்டாம்.

இனிச் சொல்லப்போவது எனக்கு மிக முக்கியமானது. வரவேற்பறைச் சுவரில் மாலை போட்ட படங்களைப் பார்ப்பீர்கள். யார், எப்படிப் போனார்கள் என்று நீங்களாகக் கேட்காதீர்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் போனவராக இருக்கலாம், 2009 வரை நீண்ட போரில் போனவராக இருக்கலாம், வீடு திரும்பாமலே போன ஒருவராகவும் இருக்கலாம். நம்பிக்கை வந்த ஒரு நாள் அவர்களே சொல்வார்கள். அப்போது வெளிநாட்டில் படித்ததையும் கேட்டதையும் வைத்து அவர்களைத் திருத்தப் போகாமல், முழுவதையும் கேளுங்கள். ஆய்வுக்காக வந்தவர்களுக்கு இன்னும் அழுத்திச் சொல்கிறேன்: சாப்பாட்டு மேசையில் சொன்ன கதையை, அனுமதி கேட்காமல் உங்கள் ஆய்வேட்டில் எழுதாதீர்கள்.

இது தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் சேர்ந்து வாழும் ஊர். அக்கம்பக்கத்தில் மூன்று மொழியும் கேட்கும். கடைக்கும் பஸ்ஸுக்கும் தேவையான நாலு வார்த்தை சிங்களம் கற்றுக்கொண்டால் உங்களுக்குத்தான் சுகம்.

சிவராத்திரிக்குப் பிறகு திருக்கோணேச்சரக் கோயிலின் கோணேசர் நகர்வலம் வரும்போது வாசலைக் கூட்டி, நிறைகுடம் வைத்துக் காத்திருப்பார்கள். நவராத்திரியில் கும்பம் எடுத்து ஊரே ஆடும். அந்த நாட்களில் அறையைப் பூட்டிக்கொண்டு மடிக்கணினியோடு இருக்காதீர்கள். தோரணம் கட்டுங்கள், வாழைக்குலையைத் தூக்குங்கள். ஒரு வருடம் ஒரே மேசையில் சாப்பிட்டும் வராத நெருக்கம் அந்த ஒரு வேலையில் வந்துவிடுவதை எங்கள் தெருவில் பார்த்திருக்கிறேன்.

மிச்சம் சின்ன விசயங்கள். சிம் அட்டை எடுக்கக் கடவுச்சீட்டு வேண்டும். பழைய வீடுகளில் வட்டத் துளைப் பிளக் பொயின்ற், புதிய வீடுகளில் சதுரத் துளை. இரண்டுக்கும் பொருந்தும் அடப்டர் கொண்டுவாருங்கள். அவசரத்துக்கு அம்புலன்ஸ் 1990, அதற்குக் காசு இல்லை, பொலிஸ் 119. படிப்புக்கான வதிவிட விசாவுக்குப் பல்கலைக்கழகத்தின் கடிதம் தேவைப்படும். குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் தலைமையகம் பத்தரமுல்லையில், இங்கிருந்து கொழும்புக்கே கிட்டத்தட்ட 260 கிலோமீற்றர். விசா முடியும் கிழமையில் ஓடாமல், ஒரு மாதம் முன்னதாகவே தாள்களைச் சேர்க்கத் தொடங்குங்கள். அங்கிளிடம் கேட்டால் இரவு பஸ் எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் ஏறினால் இருக்கை கிடைக்கும் என்பதுவரை சொல்வார்.