ஆர்வோ பேர்ட் இசையைக் கேட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எஸ்டோனிய இசையமைப்பாளர் ஆர்வோ பேர்ட்டைப் பலர் முதலில் சந்திப்பது, 'தூங்குவதற்கு', 'தியானத்துக்கு' என்று தலைப்பு வைத்த பிளேலிஸ்ட்களில்தான். அங்கே அவருடைய ஷ்பீகல் இம் ஷ்பீகல் பெரும்பாலும் இருக்கும். பியானோ மூன்று மூன்று சுரமாக மெல்ல நடக்க, வயலின் நீண்ட சுரங்களை இழுக்கும். கேட்டால் மனசு அடங்குவது உண்மை. ஆனால் அவரைத் தலைவலித் தைலம் போல மட்டும் பயன்படுத்துவதுதான் முதல் தவறு. மற்ற தவறுகள் பலவும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

அதே ஷ்பீகலை ஒருமுறை வேறு எதுவும் செய்யாமல் கேட்டுப் பாருங்கள். வயலின் ஒரு வரி வாசித்ததும், அதைக் கவிழ்த்து வைத்தாற்போல எதிர்த்திசையில் இன்னொரு வரி வரும். அடுத்த ஜோடியில் ஒரு சுரம் கூடும், அதற்கடுத்ததில் இன்னொன்று. எவ்வளவு தூரம் போனாலும் மெட்டு ஏ என்ற ஒரே சுரத்துக்குத் திரும்பிவிடும். மனம் போன போக்கில் எழுதிய இசை இல்லை இது. விதி போட்டு, அதை மீறாமல் எழுதியது.

அடுத்த தவறு, இந்த எளிமையைப் பார்த்து 'இவருக்கு வேறு எதுவும் எழுதத் தெரியாது போல' என்று நினைப்பது. 1935இல் பிறந்த பேர்ட், இளம் வயதில் எஸ்டோனிய வானொலியில் ஒலிப்பதிவாளராக வேலை பார்த்துக்கொண்டே கடுமையான நவீன இசையை எழுதியவர். 1960இல் வந்த நெக்ரோலோக், பன்னிரண்டு சுரங்களுக்கும் சம இடம் கொடுத்து வரிசைப்படுத்தும் பன்னிரண்டு சுர முறையில் அமைந்தது, சோவியத் இசை அதிகாரிகளிடம் வசவு வாங்கியது. 1968இல் தாலினில் நேமே யார்வி கண்டக்டராக நின்று நடத்திய கிரேடோவில் ('நம்புகிறேன்' என்று பொருள்) பழைய ஜெர்மன் இசைமேதை பாக்கின் சி மேஜர் பிரெலூட் வருகிறது. கொஞ்ச நேரத்தில் கோரஸும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து போடும் அமளியில் அது மூழ்கி, மறுபடி தலைதூக்குகிறது. கிறிஸ்துவை நம்புகிறேன் என்று சோவியத் மேடையில் வெளிப்படையாகப் பாடினால் சும்மா விடுவார்களா? அந்தப் படைப்பை ஓரங்கட்டிவிட்டார்கள். அதன் பிறகு 1976 வரை அவர் எழுதியது குறைவு, 1971இன் மூன்றாம் சிம்பொனியைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். அந்த வருடங்களில் கிரெகோரியப் பாடல்களையும் பழைய தேவாலய இசையையும் உட்கார்ந்து படித்தார். இதெல்லாம் தெரியாமல், 1976இல் புது முறையில் பியானோவுக்கு எழுதிய ஃபூர் அலீனாவுக்கு நேராகப் போனால், அவர் எதையெல்லாம் விட்டுவிட்டு அங்கே வந்து சேர்ந்தார் என்பது பிடிபடாது. கிரேடோவை ஒருமுறையாவது சத்தமாக வைத்துக் கேட்டுவிடுவது நல்லது.

1976இல் பிறந்த அந்தப் புது முறைக்கு டின்டினாபுலி என்று பெயர். இரண்டு குரல்கள் சேர்ந்தே நகரும். ஒன்று ஸ்கேலில் படிப்படியாக ஏறி இறங்கும் மெட்டு. மற்றொன்று ஒரு கார்டின் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டின்) மூன்று சுரங்களுக்குள் மட்டும் தாவும். கர்நாடக இசை கேட்டுப் பழகிய காது இந்த இரண்டாவது குரலைத் தம்பூரா சுருதியாக எடுத்துக்கொண்டு ஒதுக்கிவிடக் கூடும். அப்படிச் செய்ய வேண்டாம். சுருதி நிலையாக நிற்பது, இந்தக் குரலோ மெட்டின் ஒவ்வொரு அடிக்கும் இடம் மாறுகிறது. சில இடங்களில் இரண்டும் இனிமையாகச் சேரும், சில இடங்களில் பக்கத்துப் பக்கத்துச் சுரங்களாக உரசும். இந்த உரசல்தான் பேர்ட்டின் இசைக்கு உயிர். 'எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறதே' என்று சொல்பவர்கள் பெரும்பாலும் மெட்டை மட்டும் கேட்டவர்கள்.

இதைப் பழகிக்கொள்ள, ஆங்கில இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் நினைவாக 1977இல் எழுதிய கான்டுஸ் போதும். ஒரு மணி, தந்தி வாத்தியங்கள், இறங்குகிற ஏ மைனர் ஸ்கேல், அவ்வளவுதான். முதல் வயலின்கள் இறங்கத் தொடங்குகின்றன. இரண்டாம் வயலின்கள் அதே இறக்கத்தை அதில் பாதி வேகத்தில், வயோலா அதிலும் பாதி, செல்லோ அதிலும் பாதி, டபுள் பாஸ் அதிலும் பாதி வேகத்தில். ஒரே மெட்டு ஐந்து வேகங்களில் ஒன்றன்மேல் ஒன்று படிய, தொடக்கத்தில் காதுக்கு எட்டாத ஒலி முடிவில் பெரும் முழக்கமாகிறது. ஆரம்பத்தில் ஒன்றும் கேட்கவில்லையே என்று வால்யூமைக் கூட்டுவது இங்கே பலரும் செய்யும் தப்பு, ஐந்தாவது நிமிடத்தில் ஸ்பீக்கர் அலறும். கடைசியில் வாத்தியங்கள் சட்டென்று நிற்கும்போது, அதற்குச் சற்று முன் தட்டிய மணியின் அதிர்வு மட்டும் மிஞ்சும். அந்த அதிர்வுக்குள், ஏ மைனரை ஏ மேஜராக மாற்றும் சுரமான சி ஷார்ப் இருக்கிறது. அதுவரை மைனரில் துவண்ட இசைமேல் மேஜர் நிறம் ஒரு கணம் படிகிறது. ஃபோன் ஸ்பீக்கரில் கேட்டால் இது கிடைக்காது, நல்ல ஹெட்ஃபோனாவது வேண்டும்.

அப்புறம், ஆட்டோபிளேயை அணைத்துவிடுங்கள். தபுலா ராசா என்ற அவருடைய படைப்பின் இரண்டாம் பகுதியில் ஸ்கேல் இறங்கி இறங்கி டபுள் பாஸ் வரை வந்து, டி சுரத்துக்கு ஒரு படி முன்னால் நின்றுவிடும். அந்தக் கடைசி டி ஒலிக்கவே ஒலிக்காது. அதன்பின் வரும் மௌனத்தையும் பேர்ட் தாளிலேயே எழுதி வைத்திருக்கிறார். அந்த நேரத்தில் அடுத்த பாட்டு குதித்து வந்தால், முடிவையே கேட்காதவர் ஆகிறீர்கள்.

பாடல்களில் வரிகளைக் கவனிக்காமல் விடுவதும் நஷ்டம். சொல்லில் எத்தனை அசை, அழுத்தம் எங்கே, கமா எங்கே, முற்றுப்புள்ளி எங்கே என்பதை வைத்துத்தான் அவர் மெட்டின் நீளத்தையும் இடைவெளியையும் முடிவு செய்கிறார். யோவான் நற்செய்தியை லத்தீனில் பாடும் பாசியோ இடைவெளியில்லாமல் ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஓடும். உரையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் உட்கார்ந்தால் பாதியில் சலிப்பு வருவது நியாயம்தான். எஸ்டோனியர் என்பதால் நாட்டுப்புற மெட்டு வரும் என்று காத்திருக்கவும் வேண்டாம். அவருடைய உலகம் பெரும்பாலும் லத்தீனும், திருச்சபை ஸ்லாவோனிக் என்ற பழைய வழிபாட்டு மொழியும்தான்.

மதச் சாயலோடு மிக எளிமையாக எழுதும் இசைக்கு 'புனித மினிமலிசம்' என்று ஒரு முத்திரை உண்டு. கோரெட்ஸ்கி, டாவனர் என்ற இசையமைப்பாளர்களோடு சேர்த்து இவருக்கும் குத்துவார்கள். ரெக்கார்டு கடைக்காரருக்கு வசதி, கேட்பவருக்கு உதவாது.

கடைசியாக, ஒரே ஒரு பதிவைக் கேட்டு 'இதுதான் ஃபிராட்ரெஸ்' என்று முடிவுகட்ட வேண்டாம். எந்த வாத்தியம் என்று நிர்ணயிக்காமல் 1977இல் எழுதிய படைப்பு அது. இசிஎம் என்ற ரெக்கார்டு நிறுவனம் 1984இல் வெளியிட்ட தபுலா ராசா ஆல்பத்திலேயே இரண்டு வடிவங்கள் இருக்கின்றன. ஒன்றில் கிடோன் கிரெமரின் வயலினும் கீத் ஜாரெட்டின் பியானோவும், மற்றொன்றில் பெர்லின் பில்ஹார்மோனிக்கின் பன்னிரண்டு செல்லோக்களும். வயலின் வடிவத்தின் தொடக்கம் பாய்ச்சலும் பதற்றமுமாக இருக்கும், செல்லோ வடிவத்தில் அந்தப் பதற்றம் கிடையாது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள், செல்லோவை முதலில்.