ஒழுங்கைக்குள் தொடர்மாடி வருகிறதா? அத்திவாரம் வெட்ட முன் செய்யவேண்டியவை

யாழ்ப்பாணத்து ஒழுங்கைகள் சைக்கிளுக்கும் மாட்டுவண்டிலுக்கும் அளவாக விட்டவை. அதற்குள் 40 வீட்டுத் தொடர்மாடி எழும்பினால் எல்லாரும் உயரத்தைத்தான் பார்ப்பார்கள். அயலை உண்மையில் மாற்றுவது நிலத்துக்குக் கீழும் மதிலுக்கு வெளியிலும் நடப்பவை. வேலை தொடங்க முன்னமே அளந்து எழுதி வையுங்கள். பிறகு அளந்தால் "முந்தியும் இப்படித்தான் இருந்தது" என்பார்கள். மறுக்கக் கையில் ஒன்றும் இராது.

முதலில் கிணறு. எங்களுக்கு வருசம் முழுக்க ஓடும் ஆறில்லை, சுண்ணக்கல்லுக்குள் தேங்கும் மழைத்தண்ணீர் உவர்நீருக்கு மேலே மிதக்கிறது. நன்னீர் மட்டம் 1 அடி இறங்கினால், கணக்குப்படி கீழே உவர் 40 அடி ஏறும். 40 வீடு, வீட்டுக்கு 4 பேர், ஆளுக்கு 120 லீற்றர் என்றாலே நாளுக்கு 19,200 லீற்றர். அது குழாய்நீரா, அந்தக் காணியிலேயே அடிக்கும் குழாய்க்கிணறா என்று முதலில் கேளுங்கள்.

மட்டம் அளப்பது விடியற்காலை, மோட்டர் போட முன். கிணற்றுக்கட்டில் பெயின்ற்றால் ஒரு புள்ளி வைத்து, அளவுநாடா நுனியில் சின்னக் கல்லைக் கட்டி இறக்குங்கள். மாரி முடிந்த தையில் ஒருமுறை, ஆவணியில் ஒருமுறை. நைத்திரேற்று (உரத்தாலும் மலக்கழிவாலும் சேர்வது), மின்கடத்துதிறன் (உவரைக் காட்டும் அளவு), ஈ.கோலை (மலக்கிருமி) மூன்றையும் சோதிப்பியுங்கள். நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டினால் குடிக்கக்கூடாது. கொதிக்க வைத்தால் போகாது, செறிவுதான் கூடும். ஈ.கோலைக்குச் சோடாப் போத்தலில் தண்ணீர் கொண்டுபோகவேண்டாம். ஆய்வுகூடம் தரும் தொற்றுநீக்கிய போத்தலில் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொடுங்கள்.

தொடர்மாடியின் வரைபடத்தில் (அதை எடுக்கும் வழி கீழே) மலக்குழி எங்கே என்று தேடுங்கள். சுண்ணக்கல்லில் வெடிப்பும் பொந்தும் உண்டு. கழிவு வடிபடாமலே அயல் கிணற்றுக்கு வந்துவிடும். ஆகவே தூரம் மட்டும் காவல் இல்லை. ஊறுகுழி வேண்டாம், அடி மூடிய தொட்டியும் சுத்திகரிப்புத் தொகுதியும் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள்.

அடுத்தது வெள்ளம். 4 பரப்புக் காணி ஏறக்குறைய 1,000 சதுர மீற்றர். முழுக்கக் கொங்கிறீற் போட்டால், 100 மில்லிமீற்றர் மழைக்கு 1 இலட்சம் லீற்றர் ஒழுங்கைக்கு வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெள்ளவாய்க்கால் எங்கே முட்டுகிறது என்று படம் எடுங்கள். வாய்க்காலைக் குழாய்க்குள் அடைத்து மேலே படலை வைப்பதுதான் அடிக்கடி நடக்கும் பிழை; குப்பை அடைத்ததும் தண்ணீர் பக்கத்து வீட்டுக்குள் ஏறும்.

அனுமதிப் பத்திரம், வரைபடம், நிபந்தனைகளின் பிரதியை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மாநகர சபையிடமோ பிரதேச சபையிடமோ கேளுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்று 14 வேலைநாளுக்குள் முடிவு சொல்லவேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு.

ஆட்சேபனைக் கடிதத்தில் "கட்டவேண்டாம்" என்று மட்டும் எழுதினால் பயன் குறைவு. அளவோடு கேளுங்கள்: வாகனம் உள்ளே நின்று திரும்ப இடம், ஒழுங்கைப் பக்கம் உயர்ந்த மூடுமதிலுக்குப் பதில் தாழ்ந்த மதிலும் விளக்கும், டிப்பர் வரும் நேரம். இருட்டு மதில் ஓரம் பிள்ளைகள் ரியூசன் முடிந்து நடக்க அஞ்சினால் அந்த ஒழுங்கை பொது இடமாக இராது.

வேலை தொடங்க முன் உங்கள் சுவர் வெடிப்புகளின் இரு நுனியிலும் பென்சிலால் கோடும் திகதியும் போடுங்கள்; பிறகு வெடிப்பு நீண்டால் தெரியும்.

கட்டி முடிந்ததும், சீஓசி என்று சொல்லும் இணக்கச் சான்றிதழ் கொடுக்க முன் நிபந்தனைகளைச் சரிபார்க்கும்படி சபைக்கு எழுதுங்கள். ஆட்கள் குடிவந்த பின் வரும் முதல் ஆவணியில் அதே பெயின்ற் புள்ளியிலிருந்து கிணற்றைத் திரும்ப அளந்து பாருங்கள்.