சின்னக் கடைக்கு ஈமெயில் பட்டியல் சேர்ப்பது எப்படி

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடலாம். நம்ம ஊர்க் கடைக்கு வருகிறவர்களில் நிறையப் பேருக்கு ஈமெயில் என்பது, புது போன் வாங்கிய அன்று கடைப் பையன் ஏதோ ஒன்றை உருவாக்கிக் கொடுத்ததோடு சரி. பாஸ்வேர்டு கூட ஞாபகம் இருக்காது. அவர்களிடம் போய் ஈமெயில் கேட்பது வீண் வேலை, அவர்களுக்கு வாட்ஸ்அப் போதும்.

அப்புறம் பட்டியல் யாருக்காக? எங்களுடையது பலகாரக் கடை. ஒரு தீபாவளி முடிந்து கொஞ்சம் மூச்சு விட்டதும், பில் புக்கை எடுத்து வைத்துக்கொண்டு ஐந்து கிலோவுக்கு மேல் வாங்கியவர்களை மட்டும் தனியாக எழுதிப் பார்த்தேன். பேங்க் கிளை, தனியார் பள்ளி, ஆடிட்டர் ஆபீஸ், இரண்டு மில், அப்புறம் பெங்களூரிலும் சிங்கப்பூரிலும் உட்கார்ந்துகொண்டு ஊரில் இருக்கும் அப்பா அம்மா வீட்டுக்கும் சம்பந்தி வீட்டுக்கும் பெட்டி அனுப்பச் சொல்கிறவர்கள். இவர்கள் எல்லாரும் தினமும் ஈமெயில் பார்க்கிறவர்கள், ஆபீஸ்காரர்கள் கொட்டேஷனையே அதில்தான் கேட்கிறார்கள். நீங்களும் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். உங்கள் பில் புக்கில் யாருக்கு ஈமெயில் பழக்கம் என்று பாருங்கள். நாற்பது பேர் தேறினால் அதுவே நல்ல பட்டியல்.

அடுத்தது, கேட்கிற விதம். பில் போடும்போது வரிசையில் நாலு பேர் நிற்க, "போன் நம்பர், ஈமெயில் சொல்லுங்க" என்று கேட்டால் எரிச்சல்தான் வரும். போன் நம்பர் கொடுத்தால்தான் பில் போடுவோம் என்று அடம்பிடிக்கக் கூடாது என 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் விவகாரத் துறையே கடைகளுக்குச் சொல்லியிருக்கிறது. மீதிச் சில்லறையைக் கொடுத்துவிட்டு, பெட்டி கட்டுகிற அந்த இரண்டு நிமிடத்தில் கேளுங்கள், எதற்கு என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். நான் சொல்வது இதுதான்: "சார், தீபாவளி விலைப்பட்டியல் புரட்டாசி முதல் வாரம் ரெடியாகிடும், ஈமெயில் கொடுத்தீங்கன்னா உங்களுக்கு முதல்ல அனுப்பிடறேன்." காரணம் சொன்னால் கொடுக்கிறார்கள். கூப்பன், குலுக்கல் பரிசு என்று ஒரு வருடம் ஆசை காட்டிப் பார்த்தேன், பரிசுக்காகக் கொடுத்த முகவரிகளில் பாதி தப்பு.

நோட்டில் எழுதி வாங்காதீர்கள். நான் அப்படித்தான் தொடங்கினேன். ராத்திரி கடை சாத்திவிட்டு உட்கார்ந்து பார்த்தால், அது ஓ எழுத்தா பூஜ்யமா, புள்ளியா அண்டர்ஸ்கோரா என்று ஒன்றும் புரியாது. இன்னொரு சங்கடமும் உண்டு, நோட்டைத் திறந்தால் முன்னால் எழுதியவர்களின் முகவரி எல்லாம் அடுத்து எழுதுகிறவர் கண்ணில் படும். இலவசமாகக் கிடைக்கும் கூகுள் ஃபார்மில் மூன்றே கேள்வி வையுங்கள்: பெயர், ஈமெயில், எது வாங்க வருவீர்கள். ஈமெயில் கேள்விக்கு ரெஸ்பான்ஸ் வேலிடேஷன் என்று ஒரு வசதி இருக்கிறது, அதைப் போட்டுவிட்டால் அரைகுறையாக அடித்த முகவரியை ஃபார்மே ஏற்காது. கீழே ஒரு டிக் கட்டம்: "விலைப்பட்டியலும் பண்டிகை ஆர்டர் தகவலும் அனுப்பலாம்." அந்த டிக்கை அவர்களே போட வேண்டும். 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்வதும் இதுதான்: எதற்கு என்று சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும், கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறுவதும் அதே அளவு சுலபமாக இருக்க வேண்டும்.

ஃபார்முக்கு ஒரு கியூஆர் கோடு எடுத்து ஒட்டுங்கள். கண்ணாடிக் கதவில் ஒட்டினால் யாரும் பார்ப்பதில்லை, பணம் கட்டுகிற கியூஆர் பக்கத்தில் ஒட்டினால் அதை ஸ்கேன் செய்துவிட்டு "பணம் போகலையே" என்று நிற்பார்கள். பார்சலுக்குக் காத்திருக்கும் இடமும், பலகாரப் பெட்டியின் மூடி உள்பக்கமும்தான் எங்களுக்குப் பலன் தந்தன. பெட்டி வெளியூருக்குப் போகிறது, அங்கே சாப்பிடுகிறவர்களும் பார்க்கிறார்கள்.

சில நூறு ரூபாய்க்கு லட்சம் ஈமெயில் தருகிறேன் என்று யாராவது வந்தால் வாங்காதீர்கள். உங்களைத் தெரியாதவர்கள் ஸ்பாம் பட்டனை அழுத்துவார்கள், அப்புறம் தெரிந்தவர்களுக்கு அனுப்புவதும் ஸ்பாமுக்குள் போய் விழும். ஆயிரம் மெயிலுக்கு மூன்று புகார் என்ற அளவைத் தொட்டாலே ஜிமெயில் கணக்கில் அது மோசம்.

அனுப்பும்போது நான் செய்த கூத்தையும் சொல்லிவிடுகிறேன். முதல் விலைப்பட்டியலை முப்பத்தைந்து பேருக்கு சிசி-யில் போட்டு அனுப்பிவிட்டேன். எல்லார் முகவரியும் எல்லாருக்கும் தெரிந்துபோனது. அதில் ஒருவர் "போன வருஷம் மிக்சர் நமுத்துப்போயிருந்தது" என்று எல்லாருக்கும் போகிற மாதிரி ரிப்ளை ஆல் போட்டார். பிசிசி-யில் போடுங்கள், ஒருவர் முகவரி இன்னொருவருக்குத் தெரியாது. டு (To) இடத்தில் உங்கள் சொந்த முகவரி. சாதா ஜிமெயிலில் ஒரு நாளைக்கு 500 பேர் வரைதான் அனுப்ப முடியும், ஆனால் நூறு நூற்றைம்பது பேரைத் தாண்டினாலே மெயில்சிம்ப், பிரெவோ மாதிரி மொத்தமாக மெயில் அனுப்பித் தரும் சேவை ஒன்றுக்கு மாறிவிடுவது நல்லது, "இனி வேண்டாம்" லிங்க்கை அவையே கீழே சேர்த்துவிடும்.

எத்தனை முறை அனுப்பலாம்? எங்களுக்கு வருடத்துக்கு ஐந்து: கிருஷ்ண ஜெயந்திச் சீடை, தீபாவளி, கார்த்திகைப் பொரி உருண்டை, பொங்கல், முகூர்த்த மாதங்களுக்கு முன்னால் சீர்ப் பலகாரம். விலையைப் படமாக மட்டும் ஒட்டாமல் எழுத்தாகவும் போடுங்கள், ஆபீஸில் இருப்பவர் அதை அப்படியே காப்பி எடுத்து மேலதிகாரிக்கு அனுப்ப வசதி. எந்தத் தேதிக்குள் ஆர்டர் சொல்ல வேண்டும் என்பது முதல் வரியிலேயே இருக்கட்டும்.

ஈமெயில் இல்லாதவர்களுக்கு வாட்ஸ்அப் பிராட்காஸ்ட், அதாவது ஒரே செய்தி பட்டியலில் உள்ள ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போகும். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் உங்கள் நம்பரை சேவ் செய்தவர்களுக்கு மட்டும்தான் போய்ச் சேரும், அதனால் "கடை நம்பரை சேவ் பண்ணிக்குங்க" என்று வாயால் சொல்லியே ஆக வேண்டும். குரூப் மட்டும் வேண்டவே வேண்டாம், மூன்றாம் நாளே குட் மார்னிங் படங்கள் வந்துவிடும்.

கூகுள் ஷீட்டில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அந்த ஈமெயிலை எங்கே, எந்தத் தேதியில் வாங்கியது என்று எழுதி வையுங்கள். பேங்க் என்றால் மேனேஜரின் சொந்த ஈமெயிலோடு கிளையின் ஈமெயிலையும் கேட்டு வாங்குங்கள், மேனேஜர் மாற்றலாகிப் போனாலும் கிளை அங்கேயேதான் இருக்கும். மெயில் போய்ச் சேராமல் திரும்பி வருகிற முகவரிகளை நீக்கிவிடுங்கள். வேண்டாம் என்று சொன்னவர்களை அன்றைக்கே எடுத்துவிட்டு, "அனுப்பக் கூடாதவர்கள்" என்று தனி ஷீட்டில் போடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த தீபாவளிக்கு மறந்துபோய்த் திரும்பவும் சேர்த்துவிடுவோம். அந்த ஷீட்டில் எங்களிடம் நாலு பேர் இருக்கிறார்கள். அதில் ஒருவர் வாராவாரம் காராசேவு வாங்க வருகிறார், நேரில்.