மலைப்பாதையில் முகம் சிதறுவது ஏன்? டிசிபி, யூடிபி: இரண்டு லேப்டாப்பில் ஒரு சோதனை

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தபோது அக்காவிடமிருந்து வீடியோ அழைப்பு. சிக்னல் மங்கிய இடங்களில் முகம் கட்டம் கட்டமாகச் சிதறியது, பாதி வார்த்தை காணாமல் போனது. ஆனாலும் பேச்சு நிற்கவில்லை. அப்புறம் அக்கா அனுப்பிய போட்டோவோ இரண்டு வளைவு தாண்டும் வரை சுற்றிக்கொண்டே இருந்தது. வந்தபோது ஒரு புள்ளிகூடக் குறையவில்லை.

டிசிபி (TCP), யூடிபி (UDP) என்பவை இணையத்தில் தரவைத் துண்டு துண்டாக அனுப்பும் இரண்டு முறைகள். அழைப்பு பெரும்பாலும் யூடிபி வழியில் போகிறது, கோப்பு பெரும்பாலும் டிசிபி வழியில். இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம்.

1. ஒரே வைஃபையில் இருக்கும் இரண்டு லேப்டாப்பிலும் 'பாக்கெட் சென்டர்' (Packet Sender) என்ற இலவச மென்பொருளை நிறுவுங்கள். ஃபயர்வால் (வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுக்கும் பாதுகாப்பு) அனுமதி கேட்டால் கொடுங்கள். நான் முதல் தடவை அவசரத்தில் மறுத்துவிட்டு, ஒரு மணி நேரம் வீணாக்கினேன்.

2. பெறும் லேப்டாப்பின் ஐபி முகவரியை (நெட்வொர்க்கில் அதன் அடையாள எண்) வைஃபை அமைப்பில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். மென்பொருளில் தெரியும் போர்ட் எண்களையும்தான் (போர்ட் என்பது லேப்டாப்புக்குள் தரவு எந்த மென்பொருளுக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எண்). டிசிபிக்கு ஒன்று, யூடிபிக்கு ஒன்று.

3. அனுப்பும் பக்கம் அந்த முகவரி, போர்ட், 'வணக்கம்' என்று ஒரு செய்தி. யூடிபியைத் தேர்ந்து அனுப்புங்கள், பிறகு டிசிபியில். இரண்டும் போய்ச் சேரும்.

4. இப்போது பெறும் லேப்டாப்பின் வைஃபையை அணைத்துவிட்டு மறுபடி அனுப்புங்கள். யூடிபி அனுப்பிவிட்டதாகவே காட்டும்! டிசிபி கொஞ்சம் காத்திருந்து, இணைக்க முடியவில்லை என்று பிழை காட்டும்.

சரி, ஏன்? டிசிபி முதலில் எதிர்முனையைக் கூப்பிட்டு, பதில் வாங்கி, அந்தப் பதில் கிடைத்ததையும் தெரிவித்த பிறகே தரவை அனுப்பும். ஒவ்வொரு பைட்டுக்கும் வரிசை எண் உண்டு. வந்து சேர்ந்ததற்கு ஒப்புகை வராவிட்டால் திரும்ப அனுப்பும். ஒரு துண்டு தொலைந்தால், அது வரும்வரை பின்னால் வந்தவையும் வரிசையில் காத்துக் கிடக்கும். அக்காவின் போட்டோ சுற்றியது அதனால்தான். யூடிபியில் இந்தக் கணக்கு வழக்கே இல்லை. அதன் தலைப்பு, அதாவது ஒவ்வொரு துண்டின் முன்னாலும் ஒட்டும் விவரப் பகுதி (header), வெறும் 8 பைட். டிசிபிக்குக் குறைந்தது 20.

டிசிபிதான் 'நல்லது' என்று பலர் நினைக்கிறார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். மூன்று நொடி பிந்தி வரும் 'ஹலோ'வை வைத்து என்ன செய்வது? அதே சமயம் வங்கிக் கணக்கில் ஒரு இலக்கம் தொலையக் கூடாது.

இரண்டுக்கும் நடுவில் குவிக் (QUIC) என்ற இன்னொரு அனுப்பும் முறை 2021இல் தரநிலையானது. அது யூடிபியின் மேலேயே ஓடி, தொலைந்ததைத் தானே திரும்ப அனுப்பிக்கொள்கிறது.