ரோம், ஃப்ளோரன்ஸ், வெனிஸ்: ஜோடியாகச் சுற்றப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐரோப்பா கிளம்பும் கணவன் மனைவியின் பயணத் திட்டத்தை வாங்கிப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது ஊர்களின் எண்ணிக்கைதான். பத்து நாளில் பாரிஸ், சூரிக், வெனிஸ், ஃப்ளோரன்ஸ், ரோம், முடிந்தால் ப்ராக். இவ்வளவு செலவு பண்ணிப் போகிறோம், எதையும் விட்டுவிடக் கூடாது என்ற ஆசை நியாயம்தான். ஆனால் ஊர் மாறுகிற நாளில் பாதி நாள் போய்விடும். ரோமிலிருந்து ஃப்ளோரன்ஸுக்கு அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரம்தான். அறையைக் காலி செய்து, பெட்டியை இழுத்துக்கொண்டு ஸ்டேஷன் போய், அங்கே இறங்கி அடுத்த விடுதியைத் தேடிப் பிடிப்பதையும் சேர்த்தால் நாலு மணி நேரம் ஓடிவிடும். மதியத்துக்கு மேல்தான் அறைச் சாவியே கையில் கிடைக்கும்.

என்னைக் கேட்டால் பத்து நாளுக்கு இத்தாலியின் இந்த மூன்று ஊர்களே தாராளம். ரோமில் நான்கு இரவு, ஃப்ளோரன்ஸில் மூன்று, வெனிஸில் இரண்டு. விமான டிக்கெட்டையும் ரோமில் இறங்கி வெனிஸில் ஏறுகிற மாதிரி எடுங்கள். போக வர ரோம் என்றே எடுத்துவிட்டு, கடைசி நாளை ரயிலில் திரும்பி வருவதிலேயே கழிப்பவர்கள் ஏராளம்.

விசாவில் ஒரு வார்த்தை. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் ஷெங்கன் விசா, அதாவது ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான விசா, கேட்க வேண்டும். நாட்கள் சமமாக இருந்தால் முதலில் நுழைகிற நாடு. வேறொரு நாட்டில் சீக்கிரம் அப்பாயின்ட்மென்ட் கிடைக்கிறதே என்று அங்கே போடுவது வம்பை விலைக்கு வாங்குவது. பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். நடுவில் இந்த விசா செல்லாத லண்டனுக்குப் போய்வர நினைத்தால் ஒருமுறை மட்டும் நுழைய அனுமதிக்கும் விசா உதவாது. வெளியே போனதும் அது முடிந்துவிடும்.

அப்புறம் நுழைவுச் சீட்டு. இங்கே இரண்டு நேரெதிரான தவறுகள் நடக்கின்றன. ஒன்று, எதையும் முன்பதிவு செய்யாமல் போய் நிற்பது. கொலோசியம், வாட்டிகன் அருங்காட்சியகம், ரோமின் போர்கேசே கேலரி, ஃப்ளோரன்ஸில் உஃபிசி ஓவியக் கூடமும் மைக்கலாஞ்சலோவின் டேவிட் சிலை இருக்கும் அகாடமியாவும், இவற்றுக்கு நேரம் குறித்த சீட்டை முன்கூட்டியே வாங்கிவிட வேண்டும். கொலோசியம் சீட்டில் பெயர் இருக்கும். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே கொடுங்கள். உஃபிசி, அகாடமியா, போர்கேசே மூன்றுக்கும் திங்கட்கிழமை விடுமுறை. வாட்டிகன் அருங்காட்சியகத்துக்கு ஞாயிறு விடுமுறை, மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் இலவசம். இலவசம் என்றால் கூட்டம் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. இரண்டு சீட்டுக் காசு மிச்சம் என்று அந்த வரிசையில் நிற்பதற்குப் பதில் வேறொரு நாள் போகலாம்.

இன்னொரு தவறு, எல்லாவற்றையும் பதிவு செய்துவிடுவது. காலை 9 மணிக்கு வாட்டிகன், 2 மணிக்கு கொலோசியம், 5 மணிக்கு வேறொன்று. வாட்டிகனின் நீண்ட கூடங்களைக் கடந்து சிஸ்டைன் சிற்றாலயத்துக்கு வந்து சேரும்போதே கால் கெஞ்ச ஆரம்பித்திருக்கும். அங்கே படம் எடுக்கக் கூடாது, சத்தமாகப் பேசவும் கூடாது. கூரை ஓவியங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றால் கழுத்தும் சேர்ந்துகொள்ளும். கணவன் மனைவி சண்டை வருவது பெரும்பாலும் இதற்குப் பிறகுதான், மதியம் 3 மணி வாக்கில், பசியோடு. அந்த நேரத்தில் பல உணவகங்கள் மதியச் சாப்பாட்டை முடித்து மூடியிருக்கும். மறுபடி திறக்க இரவு 7 மணி ஆகும். ஒரு நாளைக்கு ஒரு பெரிய இடம், அதுவும் காலையில். 1 மணிக்குச் சாப்பாடு. மதியத்தைக் காலியாக விடுங்கள்.

காலியான மதியத்தில் இரண்டு பேரும் சேர்ந்தேதான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. ஃப்ளோரன்ஸ் பேராலயத்தின் குவிமாடத்துக்கு 463 படிகள், லிஃப்ட் கிடையாது. கடைசிப் பகுதி உள்கூரைக்கும் வெளிக்கூரைக்கும் நடுவே குறுகலாக வளைந்து போகும். பாதியில் மனம் மாறித் திரும்பலாம் என்றால் நடக்காது. முழங்கால் வலி உள்ளவரையும், நெருக்கமான இடம் என்றாலே மூச்சு முட்டுகிறவரையும் ‘வந்தது வந்துட்டோம், வா’ என்று இழுத்துப் போகாதீர்கள். ஒருவர் ஏறட்டும், மற்றவர் கீழே காபி குடிக்கட்டும். ஏறுகிறவருக்கு ஒன்று: குவிமாடத்தின் மேல் நின்றால் குவிமாடம் தெரியாது. அது படத்தில் வர வேண்டுமானால் பக்கத்திலுள்ள ஜியோட்டோவின் மணிக்கூண்டில் ஏறுங்கள், அதற்கு 414 படிகள். ஓவியம் பிடிக்காதவரை உஃபிசியில் மூன்று மணி நேரம் நிறுத்தி வைப்பதும் இதே கதைதான்.

இப்படிப் பிரிந்து போக முடிய வேண்டுமானால் இருவர் போனிலும் இணையம் இருக்க வேண்டும். ஒரே போனில் எல்லாச் சீட்டும், ஒரே கைப்பையில் இரண்டு பாஸ்போர்ட்டும், எல்லாக் கார்டும் என்று வைத்திருப்பது நம்மவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. ரோமில் தெர்மினி ரயில் நிலையத்திலிருந்து வாட்டிகன் பக்கம் போகும் 64ஆம் எண் பேருந்து ஜேப்படிக்குப் பேர்போனது. ஆளுக்கு ஒரு கார்டு, ஆளுக்குக் கொஞ்சம் பணம் என்று பிரித்து வையுங்கள்.

தேவாலயங்களுக்குப் போகும்போது உடையில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், வாட்டிகனின் புனித பேதுரு பேராலயத்தில் கண்டிப்பாகப் பார்ப்பார்கள். மனைவி துப்பட்டாவோடு வந்திருப்பார். அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு வெளியே நிற்பது கணவராகத்தான் இருக்கும். ரோமின் ஸ்பானியப் படிக்கட்டில் களைப்பாக இருக்கிறதே என்று உட்காரவும் வேண்டாம். 2019 முதல் அதற்கு அபராதம்.

சாப்பாட்டில், காபியை நின்றபடி குடித்தால் ஒரு விலை, மேசையில் உட்கார்ந்தால் வேறு விலை. வெனிஸின் சான் மார்க்கோ சதுக்கத்துக் காபிக் கடைகளில் இசைக்குழு வாசித்தால் அதற்கும் பில்லில் தனியாக ஒரு தொகை வரும். சைவர்கள் கவனிக்க: நாப்போலி பீட்ஸாவில் நெத்திலி மாதிரி ஒரு மீன் இருக்கும், மரினாரா பீட்ஸாவில் தக்காளி, பூண்டு, ஓரிகானோ மட்டும்தான். பார்மிஜானோ சீஸைக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதியால்தான் உறைய வைக்கிறார்கள். வேண்டாம் என்றால் முன்பே சொல்லிவிடுங்கள்.

வெனிஸ் ரயிலில் மெஸ்த்ரேயில் இறங்கிவிடாதீர்கள். பெயர்ப்பலகையில் வெனிஸ் என்று இருந்தாலும் அது நிலப்பரப்பில் உள்ள ஊர். கால்வாய்களின் வெனிஸுக்கு சாந்தா லூசியா நிலையம்தான், கடைசி நிறுத்தம். வாடகை குறைவு என்று மெஸ்த்ரேயில் அறை எடுப்பதையும் நான் சிபாரிசு செய்யமாட்டேன். பகல் கூட்டம் கிளம்பிப் போன பிறகுதான் வெனிஸ் நடக்க ஏற்றதாகிறது. ஆனால் 400க்கும் மேற்பட்ட பாலங்கள், பெரும்பாலும் படிகளோடு. 28 அங்குலப் பெட்டியைத் தூக்கி ஏறி இறங்குவது யார் என்பதை வீட்டிலேயே பேசிவிடுங்கள். வாப்பரெத்தோ என்ற பொதுப் பயணப் படகின் துறைக்குப் பக்கத்தில் அறை பார்த்தால் அந்தப் பேச்சே தேவையில்லை. கோந்தோலா என்ற துடுப்புப் படகுச் சவாரிக்குப் பகலில் அரசு நிர்ணயித்த கட்டணம் அரை மணிக்கு 90 யூரோ, இரவில் 35 நிமிடத்துக்கு 110. அது படகுக்கு, ஆளுக்கு அல்ல. ஏறுமுன் நேரத்தையும் விலையையும் உறுதி செய்யுங்கள். கோந்தோலாவில் கால் வைத்தால் போதும் என்பவர்கள் பெருங்கால்வாயைக் குறுக்கே கடத்திவிடும் த்ராகெத்தோ படகில் 2 யூரோவுக்குப் போகலாம்.

ஃப்ளோரன்ஸில் தோல் பை, ஜாக்கெட் வாங்கியிருந்தால் ஒரே கடையில் 70 யூரோவுக்கு மேல் போன பில்லுக்கு வரியில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். அதற்கான படிவத்தைக் கடையிலேயே பாஸ்போர்ட்டைக் காட்டிக் கேட்டு வாங்க வேண்டும். வெனிஸிலிருந்து நேராக துபாய் வழியாகத் திரும்புகிறவர்கள் பெட்டியை விமானத்தில் போடுவதற்கு முன்பே சுங்க ஒப்புதலை முடித்துவிட வேண்டும். பொருளைக் காட்டச் சொன்னால் காட்டுவதற்கு அது கையில் இருக்க வேண்டுமே.